வன்னியில் மலை எங்கே இருக்கிறது? ஆரம்ப வகுப்பில் சித்திரத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

மூன்றாந் தரத்துப் பிள்ளைகளிடம் "உங்கட ஊரைக் கீறுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் ஒரே படம்தான் இருக்கும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, ஒரு தென்னை. வன்னியில் மலை எங்கே இருக்கிறது? மாங்குளத்தில் பஸ் ஏறி முல்லைத்தீவு வரைக்கும் போனாலும் காடும் வயலும்தான். எங்கள் பிள்ளைகள் ஏறியிருக்கக்கூடிய உயரமான இடம் குளக்கட்டு. அந்த மலை அண்ணாவின் சித்திரக் கொப்பியிலிருந்து தம்பிக்கு வந்தது. அண்ணாவுக்கு அது கரும்பலகையிலிருந்து வந்தது.

கட்டுரைக் கொப்பியிலும் இப்படி ஒரு மலை உண்டு. "எனது வீடு அழகானது. எனது வீட்டைச் சுற்றி மரங்கள் உண்டு. நான் எனது வீட்டை மிகவும் நேசிக்கிறேன்." முப்பது பிள்ளைக்கும் ஒரே வீடு. இரண்டு இடத்திலும் வருத்தம் ஒன்றுதான்: கண்ணால் கண்டது கைக்கு வரவில்லை, கரும்பலகைதான் வந்திருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைத்தியம் பார்க்கச் சொல்கிறேன்.

நாங்கள் வழக்கமாகச் செய்வது, எழுத வைத்துவிட்டு "நேரம் இருந்தால் கீழே படம் கீறு" என்பது. அதை அப்படியே தலைகீழாக்குங்கள். முதலில் படம், பிறகு பேச்சு, கடைசியில் எழுத்து. சின்னப் பிள்ளைக்குப் படம்தான் முதல் வரைவு. என்ன சொல்லப் போகிறேன், யார் எங்கே நின்றார்கள், எது பெரிது, எது பயம் எல்லாம் தாளில் வந்துவிட்டால், எழுதும்போது பிள்ளை எழுத்துக்கூட்டலை மட்டும் யோசித்தால் போதும்.

பொருட்களைச் சேர்ப்பது

பஸ்டல் பெட்டி இல்லை என்று பாடத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கிழமைக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: அடுப்புக்கரி, பழைய சீமெந்துப் பை, பால்மாத் தகரம், ஈர்க்கு, சிரட்டை, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), காய்ந்த பனையோலை. சீமெந்துப் பையின் உள் அடுக்குத் தாள் கரிக்கோடு கீறுவதற்கு வெள்ளைத் தாளை விட நல்லது. நன்றாக உதறி, ஈரத்துணியால் துடைத்த பிறகே பிள்ளையின் கையில் கொடுங்கள். இந்த வேலை உங்களுடையது, பிள்ளையுடையதல்ல.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீர் மூன்று நாலு கோப்பையை ஊற்றி, அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கலாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். நான் ஒருமுறை திங்கட்கிழமை ஒரு தகரம் நிறையக் காய்ச்சி அலுமாரியில் வைத்தேன். புதன்கிழமை அலுமாரியைத் திறந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது.

செம்மண்ணையும் குளத்துக் களியையும் காயவைத்து இடித்து, துணியில் சலித்து, இரண்டு கரண்டி மண்ணுக்கு ஒரு கரண்டி பசை என்று குழைத்தால் மண் வர்ணம் தயார். ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை. கரி, செம்மண், களி, மஞ்சள் என்ற நாலு நிறம் ஒரு தவணைக்குப் போதும்.

பொறுக்கும் விசயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். பள்ளி வளவு, வீட்டு வளவு, ஆட்கள் நடமாடும் பாதை தவிர வேறெங்கும் போய்ப் பொறுக்கக் கூடாது. வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. தெரியாத இரும்பு, பிளாஸ்டிக் சாமான் எதைக் கண்டாலும் தொடாமல் வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பொறுக்கப் போவதற்கு முன் பிள்ளைகளின் வாயாலேயே இதைச் சொல்ல வையுங்கள். சருகைக் கையால் கிளறாமல் தடியால் கிளறவும் பழக்குங்கள். பாம்புக்குப் பள்ளிக்கூடம் என்று தெரியாது.

தரம் 1, 2: எழுத்தும் ஒரு கோடுதான்

ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம் அல்லவா? அரிசி விரலைத் தடுக்கும், அந்த உராய்வில் கை எழுத்தின் பாதையை உணரும். அந்த ஒரு நாளோடு அதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் பிழை. முதல் தவணை முழுக்க முற்றத்து மணல், களிமண் உருட்டல், கரி என்று பெரிய பெரிய கோடுகள் போட வையுங்கள். ட, ப, ம என்று நேர்கோடு கூடிய எழுத்துகளில் தொடங்கி, சுழி உள்ள ன, ண, கடைசியில் ழ என்று போகலாம். களிமண்ணைப் பாம்பு மாதிரி உருட்டி, பலகையில் வளைத்து எழுத்தாக்குவது ஒரு பாடம். பக்கத்துப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அந்த எழுத்தைத் தடவிக் கண்டுபிடிப்பது அடுத்த பாடம்.

பிள்ளைகள் மாதக்கணக்கில் மறக்காத ஒரு பாடம் மஞ்சள் தாள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். இன்னொரு சிரட்டையில் சவர்க்காரத் தண்ணீர். பஞ்சு சுற்றிய ஈர்க்கை அதில் தோய்த்து மஞ்சள் தாளில் 'அ' எழுதச் சொல்லுங்கள். சிரட்டையில் இருப்பது நிறமில்லாத தண்ணீர், தாளில் விழுவதோ சிவப்பு எழுத்து! மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் நடப்பதும் இதுதான். "மந்திரம்" என்று ஒரு பிள்ளை கத்தும். அந்தச் சொல்லையே எழுத வையுங்கள். செவ்வரத்தம் பூவைத் தாளில் தேய்த்து, அதன்மேல் தேசிப்புளி தொட்டு எழுதினாலும் ஊதா நிறம் இளஞ்சிவப்பாக மாறும்.

கொம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'மொ' என்று எழுதும்போது கொம்பு (ெ) முன்னால் நிற்கிறது, அரவு (ா) பின்னால் நிற்கிறது, ஆனால் காதில் முதலில் விழுவது ம். பிள்ளை காதை நம்பி எழுதினால் இடம் மாறத்தான் செய்யும். இதற்கு மூன்று பிள்ளைகளை எழுப்புங்கள். ஒருவர் கழுத்தில் கொம்பு அட்டை, ஒருவர் கழுத்தில் ம, ஒருவர் கழுத்தில் அரவு. ம தனியே நின்றால் வகுப்பு "ம" என்று சொல்லும். கொம்புப் பிள்ளை வந்து முன்னால் நின்றால் "மெ". அரவுப் பிள்ளையும் ஓடி வந்தால் "மொ". கொம்புப் பிள்ளை போய்விட்டால் "மா". அட்டைகளைப் பிள்ளைகளே அலங்கரிக்கட்டும். கொம்பு அட்டையில் உண்மையான மான்கொம்பு கீறிய பிள்ளையை நான் கண்டிருக்கிறேன், பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் கொம்பு இடம் மாறவில்லை.

தரம் 3, 4: ஒரு கிழமைப் பாடம் எப்படி நடக்கும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றப் பாடங்களை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். கருப்பொருள் "யானை வந்த இரவு". கிழமையில் ஐந்து நாளும் ஏறத்தாழ நாற்பது நிமிடம். வயலோரக் கிராமங்களில் யானை பற்றிச் சொல்ல எதுவும் இல்லாத பிள்ளை அரிது. பட்டணப் பக்கத்துப் பிள்ளை என்றால் மழை, மின்சாரம் நின்ற இரவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

*முதல் நாள், படம்.* கரும்பலகையில் யானை கீறாதீர்கள். ஒரு கோடுகூடப் போடாதீர்கள். நீங்கள் கீறினால் முப்பது பிள்ளையும் உங்கள் யானையைத்தான் கீறும். பிள்ளைகளைக் கண்ணை மூட வைத்துக் கேளுங்கள்: முதலில் கேட்ட சத்தம் எது? நாய் குரைத்ததா, வாழை முறிந்ததா? நீங்கள் எங்கே படுத்திருந்தீர்கள்? யார் முதலில் எழும்பினது? பிறகு சீமெந்துத் தாளையும் கரியையும் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

"ரீச்சர், எனக்கு யானை கீறத் தெரியாது" என்று ஒரு குரல் வரும். "இருட்டில யானை முழுக்கத் தெரிஞ்சதோ? என்ன தெரிஞ்சது?" என்று திருப்பிக் கேளுங்கள். என் வகுப்பில் நான் இப்படிக் கேட்டதும் ஒரு பிள்ளை தாள் முழுவதையும் கரியால் கறுப்பாக்கினான். துணியை எடுத்து ஒரு மூலையிலிருந்து விசிறி மாதிரித் துடைத்தான். துடைத்த இடத்தின் கடைசியில் உரல் மாதிரி ஒன்று, அதன் அடியில் மூன்று நகம். டோர்ச் வெளிச்சமும் யானையின் ஒரு காலும்! அவனுடைய பெரியம்மா வீட்டுப் பின்படியிலிருந்து அவன் கண்டது அவ்வளவுதானாம். முழு யானை கீறியிருந்தால் அது பொய்.

*இரண்டாம் நாள், பேச்சு.* படத்தை வைத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராக ஒருவருக்கொருவர் சொல்லட்டும். நீங்கள் சுற்றி நடந்து, காதில் விழும் நல்ல சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: வேலி, யானைவெடி, தகரம், வாழைக்குத்தி, பிளிறல், உழக்கி. பாடப்புத்தகச் சொல் அல்ல, அவர்கள் வாயில் வந்த சொல். முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் உள்ள ஐந்து சாமானுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை கரும்பலகையில் இருந்து தேடி எடுக்கலாம். அது பார்த்து எழுதுதல் அல்ல. எந்தச் சொல் தனக்கு வேண்டும் என்று அந்தப் பிள்ளை அறிந்துதான் தேடுகிறது.

*மூன்றாம் நாள், வீட்டு மொழியும் புத்தக மொழியும்.* முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். பிள்ளை இப்படித்தான் சொல்லும்: "எங்கட வளவுக்கை யானை வந்திட்டுது. அப்பா வெடி கொளுத்திப் போட்டவர். அம்மம்மா கும்பிட்டுக்கொண்டு நிண்டவா. நான் கட்டிலுக்குக் கீழை." இதைக் கேட்டவுடன் "சரியாகச் சொல்லு" என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிவிடும். அப்புறம் வரப்போவது "யானை ஒரு பெரிய விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்பதுதான்.

அதனால் பிள்ளை சொன்னதை அப்படியே கரும்பலகையில் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் "இதைப் புத்தகத்தில எப்பிடி எழுதியிருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டு நிரப்புங்கள். எங்கட என்பது எங்கள், வளவுக்கை என்பது வளவுக்குள், போட்டவர் என்பது போட்டார், நிண்டவா என்பது நின்றார், கீழை என்பது கீழே. நாலைந்து முறை செய்தால் பிள்ளைகளே ஒழுங்கைப் பிடித்துவிடுவார்கள்.

பிறகு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஆட்களின் வாயிலிருந்து வரும் பேச்சுக் குமிழிக்குள் வீட்டு மொழி. படத்துக்குக் கீழே எழுதும் வரியில் புத்தக மொழி. குமிழிக்குள் அம்மம்மா "போ ராசா, போ" என்று யானையிடம் சொல்லலாம். கீழே "அம்மம்மா யானையைப் போகச் சொல்லிக் கும்பிட்டார்" என்று வரும். இரண்டும் சரி, இரண்டுக்கும் இடம் வேறு. மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை என்றால் வாப்பா, உம்மா என்றே எழுதட்டும். அதை அப்பா, அம்மா ஆக்கிவிடாதீர்கள்.

*நாலாம் நாள், சின்னப் புத்தகம்.* ஒரு ஏ4 தாள், ஒரு கத்தரிக்கோல் போதும். தாளை அகலப்பாட்டில் வைத்து மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும், மேலே நாலு, கீழே நாலு. மறுபடியும் குறுகிய விளிம்புகள் இரண்டும் சேரும்படி ஒரு தடவை மட்டும் மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோடு வழியே அடுத்த மடிப்புக் கோடு வரைக்கும் மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவே ஒரு பிளவு இருக்கும். இப்போது நீளப்பாட்டில் மடித்து, இரண்டு நுனியையும் உள்ளுக்குத் தள்ளினால் பிளவு வாய் திறந்து கூட்டல் அடையாளம் மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம்: அட்டை, ஆறு பக்கம், பின்னட்டை.

மடித்து முடித்த பிறகுதான் பக்க இலக்கம் போட்டு எழுத வேண்டும். விரித்த தாளில் எழுதினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும். எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது இதைச் செய்யும். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. வரி நீளக் கூடாது.

*ஐந்தாம் நாள், வாசிப்பு.* பிள்ளை தன் புத்தகத்தைச் சின்ன வகுப்புக்குப் போய் வாசிக்கட்டும். இரண்டு மூன்று தரத்தை ஒரே ஆசிரியர் பார்க்கும் சிறிய பள்ளிக்கூடங்களில் இது இன்னும் சுலபம். நாலாந் தரம் வாசிக்கும், முதலாந் தரம் கேட்டுவிட்டுப் படம் கீறும், நீங்கள் இரண்டு நிமிடம் மூச்சு விடலாம்.

தரம் 5: கூத்து வரவு

புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் ஆண்டு. "இந்த நேரத்தில படமோ ரீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். கிழமைக்கு ஒரு பாடவேளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைச் சுருக்கி, ஒழுங்காக, பிழையில்லாமல் எழுதுவதற்கு அது பயிற்சிதான் என்பதைப் பிள்ளையின் கொப்பியைக் காட்டியே சொல்லலாம்.

இந்த வயதுக்கு நான் விரும்பிச் செய்வது கூத்து. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து பார்த்த பேரன் பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். கூத்தில் ஒரு பாத்திரம் சும்மா வந்து நிற்காது, வரவு உண்டு: தான் யார், எப்படிப்பட்ட ஆள் என்று பாடி ஆடிக்கொண்டுதான் களரிக்குள் வரும். இதை அப்படியே எழுத்துப் பயிற்சியாக்கலாம். பனையோலையாலோ அட்டையாலோ ஒரு முடி செய்து, சேவல் இறகு, ஊமல் தும்பு எதையாவது வைத்து அலங்கரித்து, அந்தப் பாத்திரத்துக்கு நாலு வரி வரவு எழுத வேண்டும். நான் யார், எங்கிருந்து வருகிறேன், என்ன அணிந்திருக்கிறேன், எதற்காக வந்தேன். அரசன்தான் என்றில்லை. குரங்கு, குளம், பழைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், மழை எல்லாம் வரலாம்.

எப்போது எது

காலத்தைப் பார்த்துக் கருப்பொருளை எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். தை, மாசியில் பொங்கலும் பெரும்போக அறுவடையும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். கடல் தண்ணீரில் எரியும் விளக்கை எந்தப் பிள்ளையும் தன் பாட்டில் கீறும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, கூடாரம் அடித்துத் தங்கிய கதை வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. குளம் நிரம்பி வான் பாயும்போது, இரணைமடுக் குளத்தில் கதவு திறந்ததைப் பார்த்த பிள்ளையிடம் கீறாதே என்று சொன்னாலும் கேட்காது.

திருத்துவதும் சுவரில் ஒட்டுவதும்

படத்தின் மேல் சிவப்புப் பேனா படக் கூடாது. எழுத்தில் ஒரு முறைக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்தக் கிழமை ல, ள, ழ என்றால் ர, ற பிழையைக் காணாத மாதிரி விடுங்கள். எங்கள் பேச்சில் மழையும் மளையாகத்தான் ஒலிக்கிறது. காதால் தீராத பிழையைக் கண்ணால்தான் தீர்க்க வேண்டும், அதனால் 'மழை' என்ற சொல்லில் ழகரத்தின் வாலை நீட்டி மழைத்துளி வழிவது போலக் கீற வைப்பேன்.

"இது என்ன?" என்று கேட்காதீர்கள், பிள்ளைக்கு அது "விளங்கவில்லை" என்று கேட்கும். "இதில என்ன நடக்குது?" என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளையின் வேலையும் சுவருக்குப் போக வேண்டும், பிள்ளையின் கண் உயரத்தில். கதவோரம் மட்டும் மிகத் தாழ்வாக ஒட்டாதீர்கள். சனி, ஞாயிறில் வளவுக்குள் வந்த ஆடு ஒன்று கோதுமைப் பசையின் ருசி கண்டு, என் வகுப்பின் ஒரு கிழமை வேலையைத் தின்றுவிட்டுப் போனது. திங்கட்கிழமை பிள்ளைகள் அதையும் கீறினார்கள்.

கனமான படம் வந்தால்

இன்றைய ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனால் வீட்டில் கதை இருக்கிறது, சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. "எனது குடும்பம்" என்று தலைப்புக் கொடுத்தால் சில பிள்ளைகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். "என்னோட இருக்கிற ஆக்கள்" என்று கொடுங்கள். அதில் அம்மம்மாவும் வரலாம், நாயும் வரலாம். சண்டையோ சாவோ படத்தில் வந்தால் பதறவும் வேண்டாம், துருவிக் கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து, பிள்ளை சொன்னால் கேளுங்கள். அந்தப் படத்தைப் பிள்ளையைக் கேட்காமல் சுவரில் போடாதீர்கள், மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டி வியக்கவும் வேண்டாம். ஒரே படம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பிள்ளை நித்திரை கொள்ளாமல் வந்தாலோ உளவளத்துணை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். நாங்கள் வைத்தியர்கள் அல்ல.

மலையைக் கண்டவுடன் அழிக்கச் சொல்லவும் வேண்டாம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. ஒருமுறை "மலையை எங்க கண்டனீ?" என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை "அப்பாயி சொன்னவ" என்றது. அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா. படத்தை மறுபடி பார்த்தேன். முக்கோணம் இல்லை, மலையில் வரிவரியாகக் கோடுகள், கோட்டுக்கு இடையில் முதுகில் கூடையோடு சின்னச் சின்ன ஆட்கள்.

சேர்த்து வைப்பது

ஒவ்வொரு வேலையின் பின்பக்கமும் திகதி, பெயர், பிள்ளை சொன்ன ஒரு வரி. தவணை முடிவில் பெற்றோர் வரும்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன், முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சின்னப் புத்தகங்களைக் கயிற்றில் கொழுவி விட்டால் அதுவே வகுப்பு நூலகம். மாரி தொடங்கினால் ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், மண் வர்ணம் உதிரும். ஐப்பசி பிறப்பதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றி, பொலித்தீன் பையில் போட்டு, மூடியுள்ள தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.